இலையில் கட்டி அவித்தது

என் அத்தை கோதை பூனாவை ஒட்டிய சாங்வியில் ஊராரின் பட்டினியை நம்பிப் பிழைத்தாள். தனக்கென்று ஒரு வேளை விரதம்கூட அவள் இருந்ததில்லை. ‘‘பசி வந்தா எனக்குக் கண்ணு இருட்டிரும்’’ என்பாள். ஆனால் அக்கம்பக்கத்து மராத்திக் குடும்பங்களுக்குத் திங்கள், சதுர்த்தி, ஏகாதசி, நவராத்திரி என்று மாதம் முழுக்க உபவாசம். அந்த நாட்களில் அவர்கள் தின்னக்கூடியதைச் சமைத்து டப்பாவில் போட்டுக் கொடுப்பதுதான் அவள் தொழில். ‘‘இந்த ஊர்க்காரங்க பட்டினி கெடந்தே என்னை வாழ வைக்காவ’’ என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் நன்றி அவ்வளவாக இருக்காது.

அம்பாசமுத்திரத்துக்காரி. 1972இல் கல்யாணமாகி, ராணுவக் கிடங்கில் கணக்குப் பார்த்த சுப்ரமணியன் மாமாவோடு பூனாவுக்கு வந்தாள். மாமா தொண்ணூற்றைந்தில் போய்விட்டார். மிஞ்சியது ஹவுசிங் சொசைட்டி ஒன்றில் முதல் மாடி வீடு. மகன் கௌஷிக் அமெரிக்காவில். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவனிடமிருந்து ஃபோன் வரும். ஒவ்வொரு தடவையும் அதே பேச்சு.

‘‘ஃப்ளாட்டை வித்துட்டு இங்க வந்துரும்மா.’’

‘‘வந்து? உன் பிள்ளைக்கு ஆயா வேலை பாக்கவா?’’

மாமா போனபின் பிழைப்புக்கு முறுக்கு சுட்டாள், தட்டை சுட்டாள், இட்லி மாவு அரைத்து விற்றாள். தெருவுக்குத் தெரு ஒரு உடுப்பிக் கடை இருக்கிற ஊரில் அது எடுபடவில்லை. அப்புறம்தான் உள்ளறையை வாடகைக்கு விடுவது என்று முடிவு செய்தாள். 2001 ஜூனில் தரகர் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். உகாண்டாக்காரி. பெயர் நகாட்டோ. யூனிவர்சிடியில் புள்ளியியல் படிக்க வந்தவள். அதற்கு முன் ஏறி இறங்கிய வீடுகளிலெல்லாம் கதவைத் திறந்தவர்கள் முகத்தைப் பார்த்ததும் அறை ஏற்கெனவே போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள். அத்தை இடம் கொடுத்தாள். பெருந்தன்மை ஒன்றுமில்லை. மழைக்கு ஒழுகுகிற அந்த அறைக்கு வேறு யாரும் வரவில்லை.

முதல் சண்டை வாழைக்காயில் வந்தது. அத்தை வழக்கம்போல வட்டம் வட்டமாக நறுக்கி, மஞ்சள் கரைத்த தண்ணீரில் போட்டு, கடுகு உளுந்து தாளித்து வதக்கி வைத்தாள். நகாட்டோ இரண்டு துண்டு தின்றுவிட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள்.

‘‘என்ன, பிடிக்கலையா?’’

‘‘பிடிக்குது. ஆனா இது வாழைக்காய் இல்லை, ஞாபோ.’’

‘ஞாபோ’ என்பது அவர்கள் ஊரில் பெரிய பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவது. அவர்களுக்குள் பேச்சு பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ். இந்த ஒரு சொல்லை மட்டும் அவள் கடைசிவரை மாற்றவில்லை.

அடுத்த ஞாயிறு, மண்டியிலிருந்து ஒரு சீப்பு பச்சைக்காயும் நாலைந்து வாழையிலையும் வாங்கிக்கொண்டு வந்தாள். கறை ஒட்டாமல் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோலைச் சீவினாள். இலையைத் தணலில் காட்டி வாட்டி, காய்களை முழுசாக உள்ளே அடுக்கி, இலைமேல் இலையாக மூடி நாரால் கட்டினாள். பெரிய பாத்திரத்தின் அடியில் இலைத்தண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, தண்ணீர் ஊற்றி, அதன்மேல் பொட்டலத்தை வைத்துச் சின்னத் தீயில் விட்டாள். வெந்ததும் எடுத்து, ஒரு துணியைப் போர்த்தி, கட்டை அவிழ்க்காமலே இரண்டு கையாலும் அழுத்திப் பிசைந்தாள். ஆவி கையைச் சுட்டது. விடவில்லை. மறுபடி பாத்திரத்தில் வைத்து மூடினாள். திறந்தபோது உள்ளே மஞ்சளாக, மெத்தென்று, கட்டியில்லாமல் இருந்தது. தொட்டுக்கொள்ள, வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துப் பூசணித் துண்டுகளோடு கொதிக்கவிட்ட குழம்பு.

நான் கம்பாலாவில் ஒரு மழைக்காலம் இருந்திருக்கிறேன். சோறு தின்றாலும் ரொட்டி தின்றாலும் அங்கே இன்னும் சாப்பிடவில்லை என்பார்கள். இந்த மட்டோக்கே வயிற்றுக்குள் போனால்தான் சாப்பாடு. ஆறு வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு 2003 தொடக்கத்தில் அத்தை வீட்டு ஹாலில் வந்து பாயை விரித்தபோது, மாடிப்படியிலேயே அந்த வாடை அடித்தது. வெந்த இலையின் வாடை. பையை இறக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். அத்தை, ‘‘என்ன ஏட்டி மூக்கை உறிஞ்சுத? கேஸ் லீக்கா?’’ என்று கேட்டாள்.

அதற்குள் அந்த வாடை அவளுக்குத் தொழிலாகியிருந்தது. எப்படி என்பதை அவளே நடித்துக் காட்டினாள்.

2001 ஆஷாட ஏகாதசி. நகாட்டோ மட்டோக்கே செய்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். மூன்றாம் மாடி நீலா, சொசைட்டி சேர்மனின் மனைவி, தண்ணீர் மோட்டார் விஷயமாக இறங்கிவந்தவள் மேசையைப் பார்த்துவிட்டாள். மராத்தியில் ‘தாய்’ என்றால் அக்கா. அத்தையைக் கோதா தாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

‘‘கோதா தாய், இது என்னது?’’

‘‘வாழைக்காய்.’’

‘‘இதுல மஞ்சள் இருக்கா?’’

‘‘இல்லை.’’

‘‘கடுகு? பருப்பு?’’

‘‘இல்லை.’’

‘‘காந்தா?’’

‘‘இன்னைக்கு வெங்காயம் வீட்டுல இல்லை.’’

‘‘அட, அப்ப இது உபவாசுக்கு ஆகுமே!’’

ஆகும்தான். இந்த ஊர் விரதத்தில் தானியம் கூடாது, பருப்பு கூடாது, மஞ்சள் கூடாது. வாழைக்காய், வேர்க்கடலை, பூசணி, சீரகம், பச்சைமிளகாய் எல்லாம் ஆகும். எங்கள் வீட்டு வாழைக்காய்க் கறி அந்த விரதத்துக்கு ஆகாது. மஞ்சளும் உளுந்தும் கெடுத்துவிடும். உகாண்டாக்காரியுடையது ஒரு மாற்றமும் இல்லாமல் ஆனது. ஜவ்வரிசி தின்றே நெஞ்செரிச்சல் கண்டவள் நீலா. ஒரு தட்டு தின்றாள். மறு ஏகாதசிக்கு அவளுடைய மாமியாருக்கும் ஓரகத்திக்கும் சேர்த்துக் கேட்டாள். அடுத்த நவராத்திரிக்குள் அதே சொசைட்டியின் எதிர் பில்டிங்கிலிருந்தும் டப்பாக்கள் வர ஆரம்பித்தன. செய்தது யார் என்று நீலா முதல் நாளும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அத்தையும் சொல்லவில்லை.

குழம்பு அத்தையுடையது. இலை கட்டுவதும் அவித்துப் பிசைவதும் நகாட்டோ. காலையில் யூனிவர்சிடி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் முடித்துவிடுவாள். அத்தைக்கு அதில் ஒரு தீட்டும் இல்லை. ஒரே ஒரு சட்டம்தான்.

‘‘தலைக்குக் குளிச்சாச்சா?’’

‘‘குளிச்சாச்சு, ஞாபோ.’’

‘‘துவைச்ச துணியா?’’

‘‘துவைச்ச துணி. எங்க ஊர்ல விரதம்னா மட்டோக்கேயை விடுறது. உங்க ஊர்ல விரதம்னா மட்டோக்கே திங்கிறது. நான் போய்ச் சொன்னா எங்க பாதிரியார் இங்க குடிவந்துருவாரு.’’

‘‘வரச் சொல்லு. அவருக்கும் ஒரு டப்பா போடுதேன்.’’

டப்பா வாங்கப் பெண்கள் வருகிற நேரம் மட்டும் நகாட்டோ உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆரம்பத்தில் அத்தை கண்ணால் சாடை காட்டுவாளாம். நான் வந்த சமயத்தில் சாடை தேவைப்படவில்லை. மணி அடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு அவளே எழுந்து போனாள். வருகிறவர்கள், ‘‘பாவம், அந்தப் பொண்ணுக்கும் சேர்த்து நீங்கதானே ஆக்கிப் போடுறீங்க’’ என்று அத்தையை மெச்சுவார்கள். அத்தை டப்பாவின் மூடியை இறுக்கிக்கொண்டே, ‘‘என்ன செய்ய’’ என்பாள்.

நகாட்டோவுக்கு அடுத்த ஏப்ரலில் கடைசிப் பரீட்சை. அதுவரை அந்த அறையில் இருந்துவிட்டால் போதும் என்றிருந்தாள். 2003 ஆகஸ்டில் அதற்கு ஆபத்து வந்தது. படிக்கட்டில் நாற்றம் என்று ஒருவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைத் தேடி அவள் ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்கள், குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று இன்னொருவர். நோட்டீஸ் போர்டில் கூட்டத்துக்குத் தேதி ஒட்டினார்கள். பேசவேண்டிய விஷயம் ஒன்றுதான்: வெளிநாட்டு வாடகைதாரர்.

நான் அத்தையிடம் சொன்னேன், ‘‘ரெண்டு வருஷமா அவ கையால பிசைஞ்சதைத்தான் விரதத்துக்குத் தின்னுருக்கீங்கன்னு எழுந்து சொல்லுங்க அத்தை. அதுக்கு அப்புறம் என்ன பேசிருவாங்க?’’

‘‘பேச மாட்டாவ. டப்பா அனுப்பவும் மாட்டாவ.’’

‘‘அனுப்பாட்டி?’’

‘‘அனுப்பாட்டி நான் கௌஷிக் வீட்டுல போயி டயப்பர் மாத்தணும். நீ நாளைக்கே பையைத் தூக்கிட்டுப் போயிருவே. எனக்குப் போக்கிடம் இது ஒண்ணுதான், ஏட்டி.’’

அவள் சொன்னதில் பொய் இல்லை. உள்ளறையிலிருந்து நகாட்டோ வெளியே வந்தாள். நாங்கள் பேசிய தமிழ் அவளுக்குப் புரியாது. பேச்சு எதைப் பற்றி என்பது புரிந்திருந்தது.

‘‘ஏப்ரல் வரைக்கும் கேளுங்க, ஞாபோ. அதுக்கு மேல ஒரு நாள் வேண்டாம்.’’

‘‘கேக்கேன். பயப்படாதே. பேசித் தீத்துருவேன்.’’

கூட்டம் கீழே பார்க்கிங்கில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, வேஃபர்ஸ். சேர்மன் ரொம்ப நாகரிகமாகப் பேசினார். யாரையும் குறை சொல்வதற்கில்லை, எல்லாரும் மனிதர்கள்தான், ஆனால் குடும்பங்கள் இருக்கிற இடம் என்றார். பிறகு நீலா எழுந்தாள்.

‘‘பச்சை இலையைப் போட்டு வேகவைக்கிற மாதிரி ஒரு காட்டு நாத்தம். என் மாமியாருக்கு அன்னைக்கெல்லாம் தலைவலி.’’

அத்தை கேட்டாள், ‘‘அது என்னைக்கு என்னைக்கு வருது?’’

‘‘திங்கக்கிழமை வரும். சதுர்த்திக்கு வரும். ஏகாதசிக்குக் கண்டிப்பா வரும். நாம உபவாசம் இருக்கிற நாளாப் பார்த்துத்தான் அவ சமைக்கிறா!’’

கூட்டத்தில் ஒரு ‘ச்சு’ கேட்டது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அத்தையைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்து, தன்னுடைய அரைகுறை மராத்தியில் சொன்னாள்:

‘‘அது நம்ம வீட்டு வாழைக்காய், நீலா. உங்களுக்காக அவிக்கிறது. அந்த வாடைதான் அது.’’

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இன்னும் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நீலா கையை வீசினாள்.

‘‘ஐயோ, நீங்க சமைக்கிறதைச் சொல்வேனா தாய்? அது எவ்வளவு நல்ல வாசனை! நான் சொல்றது அவ சமைக்கிறதை.’’

பின்வரிசையிலிருந்து ஒரு பெண், எதிர் பில்டிங்கிலிருந்து டப்பா அனுப்புகிறவள், மெதுவாகக் கேட்டாள்: ‘‘ஒரு சந்தேகம் தாய். தப்பா எடுத்துக்காதீங்க. நவராத்திரி வருது, அதான் கேக்குறேன். அவ உங்க அடுப்பைத் தொடுறது உண்டா?’’

எல்லா டப்பாக்காரிகளும் அங்கே இருந்தார்கள். அத்தை புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

‘‘சே, சே. தொட மாட்டா. அவளுக்குத் தனியா ஸ்டவ் இருக்கு. அவ ரூம்லயே வச்சிருக்கா.’’

பெண்களின் முகத்தில் நிம்மதி வந்தது. சேர்மன் மட்டும் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார்.

‘‘படுக்கிற ரூம்ல ஸ்டவ்வா? என்ன தாய் இது? தீப்பிடிச்சா யார் பொறுப்பு? சொசைட்டி விதியில அதுக்கு இடமே இல்லையே.’’

‘‘சின்ன ஸ்டவ்தான்...’’

‘‘சின்னதோ பெரிசோ. நல்ல வேளை, நீங்களே சொன்னீங்க.’’

அதுவரை அவர்கள் கையில் காரணம் ஒன்றும் இருக்கவில்லை. நாற்றத்துக்கும் நண்பர்களுக்கும் விதி கிடையாது. ஸ்டவ்வுக்கு இருந்தது. அத்தை கொடுத்ததை வைத்தே தீர்மானம் எழுதினார்கள். மாதக் கடைசிக்குள், நவராத்திரிக்கு முன்னால், அறையைக் காலி செய்ய வேண்டும். கை தூக்கச் சொன்னார்கள். அத்தையின் கை பாதி எழுந்து நின்றது. எதற்காகத் தூக்கினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஆதரவாகவே எண்ணிக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து இங்கிலீஷில் டைப் அடித்த கடிதம் கதவடியில் கிடந்தது. நகாட்டோ நின்றபடியே படித்தாள். பிறகு உள்ளறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அலமாரியைத் திறந்து பார்த்தாள். ஏதோ தன் பொருளைத் தொலைத்தவளைப் போலத் தேடினாள். வெளியே வந்து கேட்டாள்:

‘‘எந்த ஸ்டவ், ஞாபோ?’’

அத்தை தரையில் உட்கார்ந்து கடலைக்குத் தோல் நீக்கிக்கொண்டிருந்தாள். முறத்தைத் தூக்கிப் புடைத்தாள். தோல் பறந்தது.

‘‘எந்த ஸ்டவ்?’’

அத்தை நிமிரவில்லை. நகாட்டோ என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அத்தைக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு பிடி கடலையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். அன்றைக்குச் சதுர்த்தி. முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாள். அவள் கத்தியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன். கத்தியிருந்தால் அத்தைக்கு ஏதாவது சொல்ல வாய்த்திருக்கும்.

கடக்வாஸ்லா போகும் சாலையில், ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே, அவளுக்கு அறை கிடைத்தது. யூனிவர்சிடிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சமையலறை கிடையாது. ஆட்டோவில் சாமான்களை ஏற்றும்போது அத்தை ஒரு டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்தாள். நகாட்டோ இரண்டு கையாலும் வாங்கி, அவர்கள் ஊர் வழக்கப்படி முழங்காலைக் கொஞ்சம் மடித்து நன்றி சொன்னாள். அத்தை சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

நவராத்திரி முதல் நாள் அதிகாலையில் அத்தை ஒருத்தியாக உட்கார்ந்தாள். நான் இலை வாட்டிக் கொடுத்தேன். ‘‘இன்னைக்கு மானம் போகப்போகுது பாரு. அவ கைப்பதம் எனக்கு வராது. கட்டி கட்டியா நிக்கும். நல்லா வேணும் எனக்கு’’ என்று சொல்லிக்கொண்டே கட்டினாள். கெட்டுப்போகவேண்டும் என்று அவள் எதிர்பார்த்தது எனக்குக் கேட்டது. பொட்டலத்தைப் பிசையும்போது கை சிவந்து கொப்புளம் கண்டது. பிரித்தோம். மஞ்சளாக, மெத்தென்று, கட்டியில்லாமல் இருந்தது. அத்தை ஒரு விரலால் எடுத்து வாயில் போட்டாள். இன்னொரு தடவை போட்டாள். டப்பாக்களை நிரப்பினாள்.

சாயங்காலம் நீலா காலி டப்பாவோடு வந்தாள்.

‘‘தாய், இந்தத் தடவை இன்னும் நல்லா இருந்துச்சு! என் மாமியார் ரெண்டு தரம் வாங்கித் தின்னாங்க. படிக்கட்டும் பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு! அந்த நாத்தமே போயிருச்சு.’’

‘‘ஆமா’’ என்றாள் அத்தை.

கதவைச் சாத்திவிட்டு வந்தவள் என்னிடம் கேட்டாள்: ‘‘நீ அந்தப் பிள்ளையைப் பாக்கப் போவியா?’’

‘‘நாளைக்குப் போலாம்னு இருக்கேன்.’’

‘‘போனா, கெட்டுப்போச்சுன்னு சொல்லு.’’

‘‘எது?’’

‘‘வாழைக்காய். அவ இல்லாம எனக்கு வரலைன்னு சொல்லு. கட்டி தட்டிப்போச்சு, எல்லாரும் திருப்பி அனுப்பிட்டாவன்னு சொல்லு.’’

‘‘எதுக்கு அத்தை?’’

‘‘சொல்லேன் ஏட்டி!’’ குரல் உடைந்தது. கோபத்தில்தான். ‘‘அவளைப் போகவிட்டதுக்கு எனக்கு ஒரு நஷ்டமும் வரலைன்னா அந்தப் பிள்ளைகிட்ட சொல்லுவே?’’

போனேன். பெயிண்ட் கடை வாடையில் ஜன்னலைத் திறந்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். மேசையில் பாவ் ரொட்டியும் ஒரு ஜாம் பாட்டிலும் இருந்தன. வாழைக்காய் எப்படி வந்தது என்று முதலிலேயே கேட்டாள். அத்தை சொல்லச் சொன்னதைச் சொன்னேன்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஒரு நொடியாவது. அவள் பதறிப்போனாள்.

‘‘தண்ணி குறைஞ்சிருக்கும். நடுவுல திறந்து பார்த்தாங்களா? திறக்கக்கூடாதுன்னு சொல்லுங்க. காய் முத்தினதா இருக்கணும், ஓரம் கூரா இருந்தா வேண்டாம். பிசைஞ்சதும் எடுக்கக்கூடாது, மறுபடி ஆவியில விடணும், அவங்களுக்கு அவசரம்...’’ எழுந்து நடந்தாள். ‘‘அஷ்டமிக்குத்தான் நிறைய டப்பா போகும். நான் வர்றேன்னு சொல்லுங்க. முந்தின நாள் கடைசி பஸ்ல வந்து உங்க கூட ஹால்ல படுத்துக்கிறேன். விடியறதுக்குள்ள முடிச்சுட்டுப் போயிருவேன். யாரும் பாக்க மாட்டாங்க.’’

திரும்பி வந்து அத்தையிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். குழம்பு கொதித்தது. கரண்டியால் இரண்டு சுற்றுச் சுற்றித் தீயைக் குறைத்தாள்.

‘‘வரவேண்டாம்னு சொல்லிரு. அவ சொன்னபடி செஞ்சேன், சரியா வந்துட்டுன்னு சொல்லு.’’

‘‘அவ்வளவுதானா அத்தை?’’

‘‘அவ்வளவுதான். பரீட்சைக்குப் படிக்கச் சொல்லு.’’

கீழே போய் எஸ்டிடி பூத்திலிருந்து பெயிண்ட் கடைக்கு ஃபோன் செய்து அப்படியே சொன்னேன். நகாட்டோ, ‘‘பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, தண்ணிதான்’’ என்று சிரித்தாள். நிஜமாகவே மகிழ்ந்தாள். மேலே வந்தபோது அத்தை அடுத்த நாளைக்கான இலைகளை விரித்து வைத்திருந்தாள். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு நானும் துடைக்க உட்கார்ந்தேன்.